நேராகக் கிடந்த கோடு

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நூலின் தரம் பார்ப்பது என் வேலை. சோதனை எந்திரம் நூலை இழுத்துக்கொண்டே போகும். திரையில் ஒரு கோடு ஓடும். மேடு தட்டினால் நூல் அங்கே தடிப்பு, பள்ளம் விழுந்தால் மெலிவு. ஒரே இடைவெளியில் மேடு திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு ரோலர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷமாக இதையே பார்த்த கண். நேராகக் கிடக்கிற கோட்டைக் கண்டால் எனக்கு மனசு குளிர்ந்துவிடும்.

அந்தக் கண்ணோடுதான் பங்குச் சந்தைக்குள் போனேன். போனில் கணக்குத் திறந்து, சாஃப்ட்வேர் கம்பெனிகளின் சார்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் மேடும் பள்ளமுமாக இருந்தன. ஒன்று மட்டும் முதல்தர நூல் மாதிரி நேராகக் கிடந்தது. அடடா, என்ன தரம் என்று என் சேமிப்பு முழுவதையும் அதில் கொண்டுபோய்ப் போட்டேன்.

எட்டு மாதம் அது அசையவே இல்லை.

என் வீட்டுக்காரரின் தம்பி சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“மதினி, இது நூலு இல்ல. இங்க கோடு நேரா கெடந்தா எவனும் சீண்டலன்னு அர்த்தம். அந்தக் கம்பெனி என்ன பண்ணுதுன்னாச்சும் தெரியுமா?”

“தெரியாது. நான் பாக்குற நூலு எவன் சட்டைக்குப் போகுதுன்னுகூடத்தான் தெரியாது. நூலு நல்லாருக்கா இல்லையான்னு தெரியும்லா?”

வாய்க்கு வாய் பதில் சொல்லிவிட்டேனே தவிர, அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்காரர் சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, “பேசாம கணக்கத் தம்பி கையில குடுத்துரு. அவன் அந்த ஃபீல்டுலயே இருக்கான்” என்றார். என் சம்பளத்தில் நான் சேர்த்தது. அதை இன்னொருவர் ஆள, நான் வேடிக்கை பார்ப்பதா? ஆடிப்பூரம் வரை தவணை கேட்டேன். அதற்குள் என் கண் சரி என்று காட்டாவிட்டால், தேரோட்டத்தன்று பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன்.

அப்புறம் படித்தேன், வெறிபிடித்த மாதிரி. வீணான சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் சார்ட்டைப் பென்சிலால் வரைந்தேன். வரையும்போதுதான், இத்தனை நாளும் பாதியை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று உறைத்தது. விலைக்குக் கீழே குச்சி குச்சியாக நிற்கிறதே, அன்றன்று எவ்வளவு பங்கு கைமாறியது என்று காட்டும் குச்சிகள், நூல் சார்ட்டில் அப்படி ஒன்று கிடையாது. அதனால் அதை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். என் கம்பெனியில் விலை துளி இறங்கிய நாட்களில் குச்சி குட்டை, துளி ஏறிய நாட்களில் நெட்டை. யாரோ சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

ஆனாலும் குருட்டுத் துணிச்சல் வேண்டாம் என்று, தாளில் விலைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கோடு போட்டேன். மேல்கோட்டைத் தாண்டி, நெட்டைக் குச்சியோடு விலை முடிந்தால் நான் ஜெயித்தேன். சந்தை மூடும்போது கீழ்க்கோட்டுக்குக் கீழே நின்றால் மறுநாளே விற்றுவிட்டுத் தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டியது என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்தேன்.

சித்திரையில் கொழுந்தனார் போன் செய்தார். “ஏ.ஐ. மதினி, ஏ.ஐ.! நான் வாங்கியிருக்க கம்பெனி எம்புட்டு ஏறியிருக்குன்னு பாருங்க. நீங்களும் வாங்குங்க.” பார்த்தேன். விலை புது உச்சம் தொடத் தொட, கீழே குச்சிகள் குட்டையாகிக்கொண்டே வந்தன.

“தேரு ஓடுது தம்பி, ஆனா வடம் பிடிக்க ஆளு கொறஞ்சுக்கிட்டே வருது. எனக்கு வேண்டாம்.”

“ஒங்களுக்கு நூலுதான் மதினி லாயக்கு” என்று வைத்துவிட்டார்.

ஆடி பிறந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது பார்த்தால், என் பங்கு கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கிக் கிடந்தது. பிசைந்த சோறு கையிலேயே இருக்கிறது. இப்போதே விற்றுவிடு என்று மனசு அடித்துக்கொள்கிறது. சந்தை மூடும்போது என்றுதானே எழுதினாய் என்று என்னை நானே அதட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். மூன்றரை மணிக்கு எடுத்துப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே ஏறி முடிந்திருந்தது. தனியாகச் சிரித்த என்னை லேபில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆடிப்பூரத்துக்கு மூன்று நாள் இருக்கையில், வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே சார்ட்டைத் திறந்தேன். விலை மேல்கோட்டைத் தாண்டி முடிந்திருந்தது. கீழே நின்ற குச்சி அந்த வருஷத்திலேயே நெட்டை. “ஏ யம்மா!” என்று கத்தியேவிட்டேன். கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

“என்னம்மா, பர்ஸக் காணுமா?”

“இல்லண்ணே, கெடச்சிருச்சு. நீங்க போங்க!”

தேரோட்டத்தன்று மில்லுக்கு லீவு. பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். தேர் பார்க்க ஊருக்கு வந்திருந்த கொழுந்தனார் கண் முன்னால் கிழித்துப் போட வேண்டும் என்பதுதான் திட்டம். ரத வீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். என் சார்ட்டைக் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேயறைந்த மாதிரி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஏ.ஐ. கம்பெனி இரண்டு வாரமாகச் சரிந்துகொண்டிருக்கிறதாம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

“மதினி, இதச் செத்த பாருங்க. நான் என்ன செய்யட்டும்?” என்று போனை என் கையில் கொடுத்தார்.

சுற்றிலும் “கோவிந்தா, கோவிந்தா” என்று சத்தம். இறங்குகிற நாட்களில்தான் குச்சிகள் நெட்டையாக நின்றன. “இன்னைக்கே வித்துருங்க தம்பி. மறுயோசனையே வேண்டாம்” என்றேன். அங்கேயே நின்று விற்றார். பெருமூச்சு விட்டார்.

“என் கணக்குக்கு நான் பொறந்த வருசந்தான் பாஸ்வேர்டு மதினி. இனிமே அப்பப்ப நீங்களே தெறந்து பாத்துச் சொல்லுங்க.”

பாவமாகத்தான் இருந்தது. என் துண்டுத்தாளை எடுத்து அவர் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தேன். பின்னே, விடுவேனா?