கேதத்தன்று திறந்த கடை

எங்கள் ஊரில் மளிகைக் கடை நான்கு இருந்தன. கேதச் சாமான் ஒரு கடையில் மட்டும் கிடைக்கும். கோடித்துணி, மண்கலயம், அரப்பு, பன்னீர் என்று சாவு வீட்டுக்கு வேண்டியதை மற்றவர்கள் வாங்கி வைக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வருகிறவர் கண்ணில் அது படக் கூடாது என்பார்கள். மிலிட்டரிக்காரர் வைத்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டவர். சேமியாவுக்கும் அப்பளத்துக்கும் கீழ்த்தட்டில் கோடித்துணி மடிப்புக் கலையாமல் இருக்கும். டி. கல்லுப்பட்டி வரை அலையாமல் காரியம் முடிகிறதே என்று ஊரும் அதைப் பொறுத்துக்கொண்டது.

அந்தக் கடைக்கு அடுத்த வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் அப்பா அங்கே மூட்டை இறக்குவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். திருநகரில் என் சம்பளத்தில் வீடு எடுத்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மிலிட்டரிக்காரரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டு வளர்ந்தேன். உறவு ஒன்றும் இல்லை.

பட்டாளத்துக் கதை மாமாவிடம் கிடைக்காது. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்பவர்களிடம், உருளைக்கிழங்கு ஏற்றிப் போனேன், வழியில் கொஞ்சம் அழுகிச் செத்தது, அம்புட்டுத்தான் என்பார். ராணுவ கேன்டீனில் அவருக்கு உண்டான ரம்மை அவர் வாங்கியதே இல்லை. அதில் ஊர் ஆண்களுக்குத் தீராத வருத்தம். டீக்கடைக்காரர் ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார்: "அண்ணே, நாட்டுக்குச் செஞ்சாச்சு. ஊருக்கும் ஏதாச்சும் செய்யக் கூடாதா?" அடுத்த முறை கேன்டீன் போய் வந்தபோது மாமா அவருக்கு ஒரு சோப்பு வாங்கி வந்து கொடுத்தார்.

வியாபாரத்தில் கறார். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்க மாட்டார். துக்க வீட்டிலிருந்து வருகிறவர்களிடம் பேச்சே கொடுக்க மாட்டார். முகத்தைப் பார்த்ததும் எழுந்து, ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே பையில் போட்டுத் தருவார். என் தாத்தா இறந்தபோதும் அப்படித்தான். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லையே என்று அம்மாவுக்கு அப்போது குறை.

கடையின் கல்லாவில் அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் இடம் பின்னறை. பருப்புப் புடைப்பார், மிளகாய் காம்பு கிள்ளுவார், பொட்டலம் போடுவார். வியாபாரம் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

போன வருஷம் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் அப்போதே ஒரு செல்போன் கடைக்காரரிடம் பேசி வைத்துவிட்டார். அப்பாவால் முடியாத நாளில் கடையை வாடகைக்கு விடுவது, அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவது. அத்தை ஒரே ஒருமுறை அங்கே போய், ஐந்தாம் மாடியில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர். "அங்க கீழ எறங்கணும்னாலே ஒரு காரணம் வேணும்டி" என்று என் அம்மாவிடம் சொன்னார். மறுபடி அங்கே போகக் கூடாது, அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மகனிடம் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

மாமா ஒரு காலை நேரம், கடை திறக்கச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சாமியானா போட்டிருந்தது, கொட்டு வந்துவிட்டது, மகனும் வந்துவிட்டார். பழைய பட்டாளத்துக்காரர்கள் சிலர் மாலையோடு வந்து வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள்.

சாமான் வாங்க இரண்டு பேரை பைக்கில் டி. கல்லுப்பட்டிக்கு அனுப்பச் சொன்னார் மாமாவின் அண்ணன். அழுதுகொண்டிருந்த பெண்கள் நடுவிலிருந்து அத்தை எழுந்து வந்தார். "எல்லாம் கடையில இருக்கு" என்றார்.

செத்தவன் கடையை அன்றைக்கே திறப்பார்களா, ஊர் சிரிக்காதா என்று அந்தப் பெரியவர் கேட்டார். "ஊரே இங்கதான வாங்குச்சு. சிரிச்சுக்கிரட்டும்" என்று சொல்லிவிட்டு அத்தை என் அப்பாவைப் பார்த்தார். அப்பா போய் ஷட்டரைத் தூக்கினார்.

எதையும் அத்தை தேடவில்லை. துணி, கலயம், அரப்பு, நெய் என்று எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். பெரியவர் அனுப்பிய பையன்கள் வாங்கிப் போனார்கள். அந்த நேரம் பார்த்து, பஸ்ஸை விட்டு இறங்கிய வெளியூர் அம்மா ஒருவர் கடை திறந்திருப்பதைக் கண்டு வந்து, அரைக் கிலோ சீனி கேட்டார். உதவிக்கு உள்ளே நின்ற நான், இன்று வியாபாரம் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை தராசில் சீனியைக் கொட்டிவிட்டார். பொட்டலம் மடிக்கும்போது அந்த அம்மா, கொட்டுச் சத்தம் கேட்கிறதே, யார் வீட்டில் கேதம் என்று விசாரித்தார்.

"எங்க வீட்லதான்" என்றார் அத்தை.

அந்த அம்மா கையில் பணத்தோடு அப்படியே நின்றார். அத்தை அதை வாங்கிக் கல்லாவில் போட்டு, மீதியை எண்ணிக் கொடுத்தார். சாமியானா ஓரத்தில் நின்ற மகன் இதை முழுக்கப் பார்த்தார். பெரியவரும் பார்த்தார்.

புருஷன் கிடக்கையிலே சீனி நிறுத்தவள் என்று ஊரில் பேசினார்கள். சீனிக்காரி என்று ஒரு பெயரும் கொஞ்ச நாள் ஓடியது. புத்தி பேதலித்த பொம்பளையைத் தனியாக விட்டுப் போகாதே, கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போ என்று பெரியவர் மகனிடம் சொன்னார். என் அம்மாவுக்கும் அதே எண்ணம்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் செல்போன் கடைக்காரர் அளவு எடுக்க டேப்போடு வந்தார். கடை திறந்திருந்தது. அத்தை கல்லாவில் உட்கார்ந்து ஒருவருக்குத் துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவும் இல்லை, அவரை என்ன வேண்டும் என்று கேட்கவும் இல்லை. டேப்பை வைத்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகன் அவரைத் தள்ளிக் கூட்டிப் போய், இப்போதைக்குக் காலி இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

நான் அன்று மதுரைக்குக் கிளம்ப, பையோடு கடை வாசலில் சொல்லிக்கொள்ள நின்றேன். மகன் உள்ளே வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"சரிம்மா. ஒரு வருசம் பாப்போம்" என்றார்.

அத்தை தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார்.

"ஒரு வருசம்னு வெளிய சொல்லிறாத. சரக்குப் போடுறவன் காதுல விழுந்தா, வண்டிய அடுத்த கடைக்குத் திருப்பிருவான்."