காற்றடித்து எடுத்த படம்

உயிரோடு நடமாடுகிறவனின் எலும்பைப் பார்க்கும் பாக்கியம் எக்ஸ்ரே எடுப்பவனுக்குத்தான் உண்டு. இருட்டறையில் படம் கழுவும் மருந்தில் நகம் பழுத்த தோழர்களே, நீங்களாவது என்னை நம்புங்கள்.

அரித்த எலும்பு

அறுபதுகளின் கடைசி. தருமபுரி ஆஸ்பத்திரியில் எங்கள் எக்ஸ்ரே மெஷினைப் போட்டால் பாப்பாரப்பட்டி வரை விளக்கு மங்கும். இதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். இனி வருவதில் கழிக்காதீர்கள்.

வத்தல்மலை விவசாயி முனியப்பனுக்குத் தீராத தலைவலி, பார்வையும் மங்கிக்கொண்டே வந்தது. பக்கவாட்டில் படம் எடுத்தேன். மூளைக்கு அடியில் கிண்ணம்போல இருக்கும் எலும்பு அரித்துப்போயிருந்தது. “உள்ள எங்கேயோ கட்டி. எந்தப் பக்கம்னு இதுல தெரியாது,” என்றார் டாக்டர்.

அவன் மனைவி மாதம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தாள். “இருவது வருசமா இந்த மண்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு தேடுறனுங்க, ஒரு நிமிசத்துல கண்டுட்டீங்களே!”

காற்று

பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் பயிற்சிக்குக் கிளம்பிய பஸ்ஸிலேயே, ஆபரேஷனுக்கு டாக்டர் கொடுத்த சீட்டோடு அவர்களும் வந்தார்கள்.

மூளை நேராகப் படத்தில் விழாது. மண்டையில் சிறு துளை போட்டு, மூளையின் உள்ளறைகளிலிருந்து நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்துவார்கள். காற்று நிறைந்த அறைகள் இரண்டு இறக்கை விரித்தாற்போலக் கருப்பாகத் தெரியும். கட்டி இருக்கும் பக்கத்து இறக்கை நசுங்கியிருக்கும். காற்றுக்கும் உருவம் உண்டென்று, பயிற்சியில் அப்படி முதல் படம் பார்த்த அன்றுதான் கண்டேன், மேலெல்லாம் புல்லரித்தது.

மாதம்மாளுக்கு விளக்கினேன். யோசித்துவிட்டுக் கேட்டாள்: “நடுவழியில காத்து எறங்கிப்போச்சுன்னா ஆளு வூடு வந்து சேருவாருங்களா?”

ஈரப்படம்

முனியப்பன் ஆபரேஷன் மேஜையில். கழுவிய படம் காயும்வரை காத்திருக்க நேரமில்லை; மாட்டியிருந்த சட்டத்தோடு சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓர் இறக்கை நசுங்கியிருந்தது.

“எந்தப் பக்கம்யா இது?” என்றார் சர்ஜன்.

எக்ஸ்ரே படத்தை முன்பின்னாகத் திருப்பினால் வலது இடதாகிவிடும், ஆனாலும் ஒழுங்காகத்தான் தெரியும். அதனால்தான் வலப்பக்கம் ஈயத்தில் ஓர் அடையாளம் வைப்போம். அவசரத்தில் மறந்திருந்தேன். ‘இடது’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தயங்காமல் கதை விட்டுப் பழகிய நாக்கு. துளை போட்ட மண்டையைப் பார்த்தேன். “தெரியலைங்க, அடையாளம் வெக்கல.”

அடையாளம் வைத்து மறுபடி எடுத்தோம். கட்டி வலதுபக்கம்!

சர்ஜன் கத்திக்குக் கை நீட்டியபடி சொன்னார்: “கதை விடுற ஆளுன்னாங்களே, இன்னிக்கு லீவா?”

கண் திறந்தது

மூன்றாம் நாள் முனியப்பன் கண் திறந்தான். பார்வை இருக்குமா? கட்டிலைச் சுற்றி நின்றோம். மாதம்மாளை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏன்டி, ரவிக்கையத் திருப்பிப் போட்டிருக்க?”

அவள் அழுதுகொண்டே எங்கள் பக்கம் திரும்பினாள். “கட்டிய எடுத்தீங்க, குத்தஞ்சொல்ற குணத்த அப்படியே உட்டுட்டீங்களே சாமி!”

மண்டையோட்டுக்குள் ஒளிந்திருந்ததைப் பிடித்த எங்களில் ஒருத்தர் கண்ணிலும் அந்த ரவிக்கை படவில்லை, பாருங்கள்.