மாமி சொன்னதும் நான் சொன்னதும்

மாமியின் மகளுடைய கிளினிக் கொப்பிக்கு நீலப் பொலித்தீனில் உறை போட்டிருந்தது. மழை பட்டால் எழுத்து அழிந்துவிடும் என்று மாமியே வெட்டித் தைத்த உறை. அதற்குள்தான், வடக்கிலிருந்து வந்தவர்கள் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுக் கடதாசியும் இருக்கும். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தால், பிள்ளையின் நோயும் தாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் நியாயமும் ஒரே கொப்பியில் இருப்பதை விரித்துக் காட்டுவார். கதைக்கமாட்டார். கதைப்பதற்கு நான் இருந்தேன்.

மாமி அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. சண்டைக்காலத்தில், எட்டு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மற்றப் பிள்ளைகளை மாமாவோடு யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது. எனக்குப் பத்தொன்பது வயது, நன்றாகத் தெரியும். ஆகவே கிளினிக் நாட்களில் அவர்களைக் கூட்டிக்கொண்டு நுகேகொடைக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவது என் வேலையாயிற்று.

முதல் சில வாரங்கள் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு சலித்துவிட்டது. அதைவிட, வரிசையில் அத்தனை பேர் நடுவில் மாமி உரத்துத் தமிழில் கதைப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. பஸ்ஸில் அவர்களுக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காரத் தொடங்கினேன். மாமி நீளமாகச் சொல்வதை டொக்டரிடம் நாலு சொல்லில் முடித்துவிடுவேன். டொக்டர் நீளமாகச் சொல்வதையும் அப்படியே. மாமி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அன்று பின்னேரம் பம்பலப்பிட்டியில் என் கூட்டாளியின் பிறந்தநாள். பெரிய விஷயமில்லை, கேக்கும் பாட்டும்தான். ஆனால் போவதற்கென்று புதுச்சட்டை தைத்து வைத்திருந்தேன். காலையில் எங்கள் முறை வந்ததும் டொக்டர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: பிள்ளைக்குக் காய்ச்சல் ஏதும் வந்ததா? மாமி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நேற்றுப் பின்னேரம் உடம்பு நடுங்கினது, பிள்ளை. காய்ச்சல் குளிசை குடுத்தனான், விட்டிட்டுது. இப்ப சூடில்லை. எண்டாலும் சொல்லிப்போடு."

நடுக்கம் என்று சொன்னால் இரத்தம் எடுப்பார்கள், வார்டில் மறித்து வைப்பார்கள், நான் இருட்டும்வரை அங்கேயே நிற்கவேண்டும். மருந்து ஏறுகிற உடம்பு கிருமியைத் தாங்காது, சின்னக் காய்ச்சலையும் மறைக்கக்கூடாது என்று டொக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதை மாமிக்குச் சொன்னவளே நான்தான்.

"நே, டொக்டர்," என்றேன். இல்லை என்பதற்குச் சிங்களத்தில் அந்த ஓர் எழுத்துப் போதும்.

பிறந்தநாளுக்குப் போனேன். பாடினேன், கேக் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பிள்ளை கண் திறக்கவில்லை. உடம்பு கொதித்தது. ஓட்டோவில் மாமியின் மடியில் துணிபோலக் கிடந்தாள். வார்டில் அதே டொக்டர், எப்போது தொடங்கியது என்று கேட்டார். இரவுதான் என்றேன். அவர் நம்பவில்லை. முதல் நடுக்கம் கண்டவுடன் கொண்டுவரத் தெரியாத தாயா, பிள்ளை செத்தால் யார் பொறுப்பு என்று மாமியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏசினார். பிறகு, அதை அவருக்குச் சொல் என்றார். சொன்னேன். அந்த ஏச்சை மட்டும் ஒரு சொல் விடாமல் தமிழாக்கினேன். மாமி தலையைக் குனிந்து, "ஓம் டொக்டர்," என்றார்.

மூன்று கிழமை வார்டில் கிடந்து பிள்ளை பிழைத்தாள். அவளைக் காப்பாற்றிய கடும் மருந்து காதைப் பழுதாக்கிவிட்டது. வேறு வழியிருக்கவில்லை என்றார்கள். காலப்போக்கில் புற்றுநோயும் சுகமாயிற்று. காது திரும்பவில்லை.

அவர்கள் வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்டார்கள். நல்லது கெட்டது எதிலும் மாமி என்னைக் காட்டி, "இவள்தான் என்ர பிள்ளையைக் காப்பாத்தினவள்," என்று சொல்லுவார். நான் சிரிப்பேன். இருபது வருடத்துக்கு மேலாகச் சிரித்தேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டுக் குசினியில் இருவரும் தனியே இருந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"'நே' எண்டால் இல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், பிள்ளை. அந்த ஆஸ்பத்திரியில முதல் பழகின சொல்லே அதுதான்."

பிறகு ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"உன்னை ஏசினால் அடுத்த கிளினிக்குக்கு ஆர் எங்களோட வாறது? உங்கட வீட்டில இருக்கிறம். பயந்திட்டன். டொக்டருக்குக் கையைக் காட்டியெண்டாலும் சொல்லியிருக்கலாம். நானெல்லோ தாய்." உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டுவிட்டு, "அதுக்குப் பிறகும் நீ வந்தனீதானே. அதைத்தான் எல்லாரிட்டையும் சொல்லுறனான்," என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போனவளுக்கு, அத்தனை வருடமும் அவரும் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தப் பாரத்தையும் நான்தான் ஏற்றி வைத்திருக்கிறேன்.

அந்த நேரம் மகள் குசினிக்குள் வந்தாள். இப்போது ஒரு அச்சகத்தில் வேலை செய்கிறாள். உதட்டசைவைப் பார்த்துக் கதையை விளங்கிக்கொள்வாள். எங்கள் முகங்களைக் கண்டு, என்ன கதைச்சனீங்கள் என்று என்னிடம் கேட்டுவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமியும் என்னைப் பார்த்தார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயத்தைக் கையில் எடுத்தேன்.