களத்தில் ஐந்து சுற்று

இந்த வயதில் சைக்கிள் கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டரை மாற்றிவிட்டேன். காலையில் அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை மிதித்துப் போய், நாலு இட்லி தின்றுவிட்டுத் திரும்புகிற ஆள் நான். அதே இட்லி வீட்டில் கிடைக்காதா என்று மருமகள் கேட்கிறாள். இட்லி கிடைக்கும், வழியில் இருக்கிற மேடு கிடைக்காதே! இந்தப் பைத்தியம் யாரால் பிடித்தது என்று கேட்பவர்களிடம் தாய்மாமனைக் கைகாட்டி விடுவேன். அது பாதிதான் நிஜம்.

அது இரண்டாம் உலக யுத்த காலம், எனக்கு எட்டு வயது. அம்மாவின் தம்பியான மாமா பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அரியலூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு ஞாயிறுதோறும் சைக்கிளில் வந்துவிடுவார். பெட்ரோல் கிடைக்காத நாட்கள் அவை. பஸ்களெல்லாம் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடின. மேட்டில் பஸ் திணறும்போது மாமா அதை ஒட்டி மிதித்துக்கொண்டே, "தள்ளணுமாண்ணே?" என்று டிரைவரிடம் கேட்பாராம். டயருக்கும் பஞ்சம்தான். கிழிந்த இடத்தில் பழைய டயர்த் துண்டைத் திணித்திருந்ததால் சக்கரம் சுற்றுக்கு ஒரு தடவை துள்ளும். மழை பெய்துவிட்டால் எங்கள் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும். அன்றைக்குச் சைக்கிள் அவர் தோளில் ஏறி வரும். "போன வாரம் அது என்னையத் தூக்கிட்டு வந்துச்சு. இன்னக்கி என் மொறை" என்று வாசலில் சேறோடு நின்று சிரிப்பார்.

ஒரு சித்திரை மாத ஞாயிறு. அப்பா வண்டி கட்டிக்கொண்டு அரியலூர் போயிருந்தார். அறுவடை எல்லாம் முடிந்து, வீட்டுக்குப் பின்னால் களம் வெறிச்சென்று கிடந்தது. மாமா சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "ஒரு சுத்து போறியாக்கா? இல்ல, மறந்து போச்சா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்த ஊரான பூலாம்பாடியில் பாவாடை கட்டிய சிறுமியாக இருந்தபோது தம்பிக்குச் சைக்கிள் பழக்கியதே அம்மாதானாம்.

அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். சேலையை வாரிச் செருகினாள். வலது காலைப் பாருக்கு அடியில் நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டாள். முதல் சுற்றில் தள்ளாடினாள். அடுத்த சுற்றில் சைக்கிள் அவள் சொன்னபடி கேட்டது. ஐந்து சுற்று சுற்றினாள். அடுப்படியில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சத்தமில்லாத அம்மா, களம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். இறங்கியதும், "அடுத்த வாரம் வெள்ளனமே வந்துடு தம்பி" என்றாள்.

அந்த அடுத்த வாரம் வரவில்லை. நடுவில் நான் இருந்தேனே.

வியாழக்கிழமை பங்காளிகள் வந்திருந்தார்கள். மாமா பஸ்ஸை முந்துகிற கதை பேச்சில் வந்தது. பெரியப்பா அப்பாவைச் சீண்டினார். "நீயும் ஒரு சைக்கிளு வாங்கேன்டா. ஒம்மச்சான் மட்டுந்தான் பறக்கணுமா?"

நான் குறுக்கே புகுந்தேன். "அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது பெரியப்பா. அம்மாவுக்குத்தான் தெரியும். களத்துல அஞ்சு சுத்து சுத்துச்சு. மாமாவவிட அம்மா நல்லா ஓட்டும்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்பறம் என்னடா, இனிமே வெளிவேலைய அவங்க பாக்கட்டும், நீ ஒலைய வையி" என்றார் பெரியப்பா. அப்பாவும் சிரித்தார், காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை பெரியவர்களுக்கு நடுவில் அம்மாவைப் பற்றிப் பெருமையாகப் பேசியவன் நான் ஒருவன்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் போனதும் அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "ஒந்தம்பிய வர வேணாங்கல. பஸ்ல வரச் சொல்லு."

அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்தக் கரி பஸ்ஸை நம்பி ஒரே நாளில் வந்து திரும்ப முடியாது என்று அவருக்கும் தெரியும். அதன் பிறகு மாமா பொங்கலுக்கு வந்தார், தீபாவளிக்கு வந்தார். அம்மா மறுபடி ஒரு சைக்கிளைத் தொட்டு நான் பார்க்கவில்லை. நான் சம்பாதித்துச் சைக்கிள் வாங்கியபோது அவள் உயிரோடு இல்லை. சொல்லாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, அதனால் என் மேல் தப்பில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். மனசு ஆறவில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள். "ஏன்டா அங்க போயி சொன்ன?"

"நீ நல்லா ஓட்டுன, அதாம்மா சொன்னேன்."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நெசமாவே நல்லா ஓட்டுனனா?" என்றாள்.

எனக்கோ பசி. "ஆமாம்மா, சோத்தப் போடு" என்றேன். இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டிய இடம் அது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.