பெட்ரோல் மூடியில் ஓர் ஊசித்துளை

மகள் பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்த அந்த மூன்று மாதமும் நான் சாமியைவிட கார்பரேட்டரைத்தான் அதிகம் நினைத்தேன். எங்கள் வீடு மாமல்லபுரத்துக்கு வெளியே, கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அவளைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவோ செங்கல்பட்டில். நடுவில் முப்பது கிலோமீட்டர். அதைக் கடக்க எங்களிடம் இருந்தது மகளைவிட இரண்டு வயது மூத்த ஒரு வெள்ளைக் கார்.

அவள் பிறந்த நான்காம் நாள் அந்தக் காரில்தான் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் பிரசவத்துக்குப் போவதும் பிள்ளையோடு திரும்புவதும் அதில்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. "வலி வந்தா டாக்ஸிக்குச் சொல்லிடலாம் மாமா" என்று போனில் பக்குவமாகத்தான் சொன்னார். "வூட்ல வண்டி கீது மாப்ளே, டாக்ஸி எதுக்கு?" என்றேன். குரல் தடித்துவிட்டது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். என் வண்டியைப் பற்றிப் பேசினால் அங்கேகூட நிற்காது.

வளைகாப்பு முடிந்து தாம்பரத்திலிருந்து அவளை அழைத்து வந்த அன்று, பெட்ரோல் வாசனை தாங்காமல் வழியில் மூன்று இடத்தில் வாந்தி எடுத்தாள். அன்று மாலையே சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி பெட்ரோல் மூடிக்கு அடியில் கொடுத்தேன். மூடியின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. வாசனை அதன் வழியாகவும் வந்ததால் சலவை சோப்பைக் குழைத்து அதில் அப்பினேன். டேங்க் ஒழுகினால் சோப்பு வைத்து அடைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பெட்ரோலில் சோப்பு கரையாது. அடுத்த நாள் வண்டியில் உட்கார்ந்து பார்த்த மகள், "வாசனையே இல்லப்பா" என்று சிரித்தாள். எனக்கு அது போதும்.

அதன் பிறகு மூன்று வாரம் வண்டி கடைத்தெருவைத் தாண்டிப் போகவில்லை. அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

முதல் செக்கப்புக்குப் போன அன்று திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இரண்டு முறை விக்கிவிட்டு வண்டி நின்றது. இரண்டு பக்கமும் வயல், நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் சின்னக் கண்ணாடி ஃபில்டரில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. வெயிலில் பம்ப் சூடாகிவிட்டது, பெட்ரோல் ஆவியாகிறது என்று தீர்மானித்து, ஈரத் துணியைப் பம்ப் மேல் சுற்றினேன். பெட்ரோல் அளவு காட்டும் முள் செத்துப் பல வருஷம் ஆயிற்று என்பதால், டிக்கியிலிருந்து மூங்கில் குச்சியை எடுத்து டேங்கில் விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. மூடியை மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினால், கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வண்டி கிளம்பியது.

"பாத்தியா, சூடுதான்" என்றேன் மனைவியிடம்.

"சூடு வண்டிக்கா, உங்களுக்கா?" என்றாள் அவள்.

மறுநாள் மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றி, அதன் பொடித் துளைகளில் காற்று அடித்து, மிதவையைச் சரிபார்த்துப் பூட்டினார். பம்ப்பின் உள்ளே இருக்கும் ரப்பரை மாற்றினார். ஃபில்டரும் புதிது. ஷெட்டில் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தோம், சமர்த்தாக ஓடியது. அடுத்த செக்கப்பில் அதே சாலையில், கிட்டத்தட்ட அதே இடத்தில் மறுபடி நின்றது. நான் பெட்ரோல் பங்க்குக்குப் போய் கலப்படம் என்று சண்டை போட்டேன். அவர்கள் என் கண்முன்னால் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார்கள், கறையே இல்லாமல் காய்ந்தது. மன்னிப்புக் கேட்காமல் வந்துவிட்டேன். மூன்றாம் முறையும் நின்றது.

அன்று சாயங்காலம் சமையலறையில் மகள் அம்மாவிடம் மெல்லிய குரலில் கேட்டது என் காதில் விழுந்தது. "அந்த டாக்ஸிக்காரர் நம்பர் உன்கிட்ட கீதாம்மா? அப்பாகிட்ட சொல்லாத."

சத்தம் போட்டிருக்க வேண்டிய ஆள் நான். அப்படியே திரும்பித் திண்ணைக்கு வந்துவிட்டேன். வெயிலில், நின்றுபோன வண்டியின் பின்சீட்டில், வயிற்றில் கை வைத்தபடி அவள் மூன்று முறை உட்கார்ந்திருந்ததை நான்தானே பார்த்தேன். பயந்து போயிருந்தாள். அதை என்னிடம் சொல்லவும் பயந்திருக்கிறாள்.

கடைசி செக்கப்பில் நான்காம் முறை நின்றபோது நான் துணியை நனைத்துச் சுற்றினேன். குச்சியை எடுக்க டிக்கிப் பக்கம் போகும்போது பின்சீட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, நீ ஒவ்வொரு வாட்டியும் துணியும் போடறே, குச்சியும் வுடறே. அப்பறந்தான் வண்டி கெளம்புது. ரெண்டுல எதுனால கெளம்புது?"

"துணிதான். குச்சி வுட்டா வண்டி ஓடுமா?"

"அப்போ இன்னிக்கு குச்சிய வுடாத."

பெட்ரோல் அளவு பார்க்காமல் வண்டி எடுப்பது எனக்குப் பல் விளக்காமல் காபி குடிப்பது போல. ஆனாலும் விட்டேன். கால் மணி நேரம் காத்திருந்தோம். பம்ப் தொட்டால் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன், திருப்பினேன். பேட்டரிதான் அழுதது.

"இப்ப மூடிய தெற" என்றாள்.

திறந்தேன். 'புஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. முந்தைய மூன்று முறையும் அந்தச் சத்தம் வந்திருக்க வேண்டும். வெயிலையும் மெக்கானிக்கையும் பங்க்காரரையும் திட்டிக்கொண்டே திறந்ததில் என் காதில் விழவில்லை போலிருக்கிறது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே போய்ச் சாவியைத் திருப்பினேன். பேட்டரி முனகியது, ஃபில்டரில் பெட்ரோல் ஏறியது, வண்டி பிடித்துக்கொண்டது.

"இன்னாத்துக்கு எண்ணெ டின்னுல ரெண்டு ஓட்டை போடறோம்?" என்றாள் மனைவி. "ஒண்ணுதான்னா களுக்களுக்குன்னு வந்துட்டு நின்னுடும். காத்து உள்ள போவ வழி வாணாவா?"

மூடியைத் திருப்பினேன். காய்ந்து கல்லாகிப்போன சோப்பில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. "நான்தாம்மா அடைச்சேன்" என்றேன். "உனுக்கு வாசனை ஆவலன்னு..."

கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்காவா அடைச்சே?" என்றாள். அம்மாவின் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, மூடியை மடியில் வைத்து, சோப்பைத் தானே குத்தி எடுத்தாள். ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று வானத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மறுபடியும் வாசனை வருமே" என்றேன்.

"வரட்டும்ப்பா. மூக்க பொத்திக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், டாக்ஸிக்காரர் நம்பர் என் போனிலும் இருக்கட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

எட்டு நாள் கழித்து, காலையில் இட்லி வேகும் நேரத்தில் வலி வந்தது. நான் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி, போனில் அந்த டாக்ஸி நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அம்மாவும் மகளும் பின்சீட்டில்.

"இன்னாப்பா பாத்துகினு கீறே? வண்டிய எடு."

பேத்தி பிறந்தது மத்தியானம். என்ன எடை, எத்தனை மணி எல்லாம் என் மனைவியைக் கேட்டால்தான் சரியாகச் சொல்வாள். எனக்கு நினைவில் இருப்பது திருக்கழுக்குன்றம் தாண்டிய அந்த வயல்தான். அங்கே வந்ததும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். வண்டி விக்கவில்லை. வயல் பின்னால் போனது. "தாண்டிட்டோம்ப்பா" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. கார் முழுக்கப் பெட்ரோல் வாசனை. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையால் அம்மாவின் கையையும் இன்னொரு கையால் என் சீட்டின் விளிம்பையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மூக்கைப் பொத்த அவளிடம் கை மிச்சமில்லை.