இருபத்தைந்தாவது மணி

எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலுக்கு வெளிநாட்டிலிருக்கும் ஊரவர்கள் அனுப்பிய கைமணிகள் இருபத்தைந்து. ஒரு மணிக்கு ஒரு சுரம்தான். கைக்கொன்றாகப் பன்னிரண்டு பெண்களுக்கு இருபத்துநான்கு போக, ஒன்று மிஞ்சியது. அதை, இடது கை முழங்கையோடு முடிந்துவிட்ட, இறால் பதனிடும் வாடியில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன்.

கோயில் பெருநாளுக்காக ஒரு பழைய ஐரோப்பிய நடன இசையை எடுத்திருந்தேன். துள்ளி ஓடும் இசை. பியானோவில் பத்து விரல்கள் செய்வதைப் பதின்மூன்று பேருக்குப் பங்கிட வேண்டும். கணக்கு ஆசிரியராக இருந்தவன் நான். எந்த மணி எத்தனை தரம் ஒலிக்கிறது என்று எண்ணித்தான் எழுதினேன். வாடிப் பெண்ணின் ஒற்றை மணிக்கு விழுந்தது நான்கு அடி. சிரமம் கொடுக்கக்கூடாது என்ற நினைப்பு.

அடித்தவுடன் மணியைத் தோளில் அமர்த்தி ஒலியை நிறுத்துங்கள் என்று ஒத்திகையில் ஏழு தரம் சொன்னேன். பன்னிரண்டு பேர் நிறுத்தவில்லை. சுரத்தின்மேல் சுரம் ஏறி, கலைந்த தேன்கூடுபோல் இரைந்தது.

"பூசை மணியை ஆரும் அமத்துவினமோ, மாஸ்டர்? பாவமெல்லோ," என்றார் முன்வரிசையில் நின்றவர்.

வாடிப் பெண்ணின் நான்கு அடிகள் மட்டும் வெட்டியதுபோல் நின்றன. முடிந்ததும் அவர் மணியை மேசையில் வைத்தார்.

"நாலு தரம் அடிக்கவோ நான் வேலையை விட்டிட்டு வாறன்? நாளைக்கு வரமாட்டன்."

"உம்முடைய மணி மட்டும் எப்பிடி நிக்குது?"

"பூசை மணி பூசைக்கு. இது ஆடுற பாட்டு. காலை நிலத்திலயிருந்து எடுக்காட்டி ஆடேலுமே?"

அன்று பின்னேரம் முழுவதையும் மீண்டும் எண்ணினேன். அதிகம் ஒலிக்கும் மணி நூற்றுப்பன்னிரண்டு தரம். அதை வைத்திருந்தவர் வலதை அடிக்க வேண்டிய இடத்தில் இடதை அடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தார். ஒரே மணி பிடித்த கைக்கு அந்தக் குழப்பம் இல்லை. அந்த மணியை வாடிப் பெண்ணுக்கும், அவருடைய நான்கடி மணியை இவருக்கும் மாற்றி எழுதினேன்.

"என்ர நல்ல மணியைப் பறிச்சுப்போட்டு ஊமையைத் தந்திட்டார் மனுசன்," என்று மற்றவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

வாடிக்கு அனுப்பிய புதிய பங்கைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வந்தார். அவரைப் பார்த்தே மற்றவர்களும் ஒலியை நிறுத்தப் பழகினார்கள். ஆறு நாள் பிடித்தது. ஆறாம் நாள் அவர் தோள் நீலமாகக் கன்றியிருந்தது. இருபது அடிகளையாவது குறைப்போம் என்று பென்சிலை எடுத்தேன்.

"ஒண்டையும் வெட்டாதேங்கோ, மாஸ்டர்."

பெருநாளன்று நூற்றுப்பன்னிரண்டையும் அடித்தார். இரண்டு சற்றுப் பிந்தின. அவற்றையும் எண்ணினேன், ஒருவரிடமும் சொல்லவில்லை.