நெற்கட்டுத் தபால்தலை

ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஊரின் பெயரை நான் திருடிக்கொண்டேன். அவளுடைய கணவன் இருந்த ஊர் அது. பதினாறு ஆண்டுகளாக அந்தப் பெயர் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

என் மனைவியிடம் இதைச் சொன்னதில்லை. எங்கள் போதகரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரிந்திருந்தால் சொல்வேனா? மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. படிப்பை முடித்துவிட்டு, மிஷன் பள்ளியில் இடம் காலியாவதற்காகக் காத்திருந்தேன். அதுவரை நாகர்கோவிலில், மணிமேடைக்குச் சற்றுத் தள்ளியிருந்த தானியேல் முதலாளியின் கடையில் விற்பனைக்கு நின்றேன்.

அந்தக் கடையை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. என்ன கடை அது! அரிசி கிடையாது, எண்ணெய் கிடையாது. வயிற்றுக்கு உதவுவதாக ஒன்றுமே கிடையாது. மெல்லிய பலகையில் சித்திரம் அறுக்கும் வாள், வாயால் ஊதும் ஆர்மோனியம், விளக்கு வைத்துச் சுவரில் படம் காட்டும் பெட்டி, அதற்கான கண்ணாடிச் சில்லுகள், பட்டத்துக் காகிதம்... எல்லாவற்றுக்கும் நடுவில், கண்ணாடி மேசைக்குள், உலகத்துத் தபால்தலைகள். புதுப் பலகையும் கோந்தும் கலந்த ஒரு வாசனை எப்போதும் இருக்கும். எதிர்க்கடைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர், 'வேலையத்தவன் கடை'.

முதலாளி அதைக் கேட்டுச் சிரிப்பார். "வேலையுள்ளவனுக்குத்தாம்வே வேலையத்த நேரத்துக்க அருமை தெரியும்" என்பார். உண்மைதான். கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் மாலைதோறும் வந்து நிற்பார். ஒரு வருஷமாகப் பலகையில் தேர் அறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாலையும் தேரின் எந்தச் சக்கரம் உடைந்தது என்று எங்களுக்கு விவரம் சொல்வார். இழவு வீட்டுச் செய்தி கேட்பதுபோல நாங்கள் தலையாட்டிக் கேட்போம்.

எனக்கும் பைத்தியம் பிடித்தது. தபால்தலைப் பைத்தியம்! நம் திருவிதாங்கூர் அஞ்சலின் சங்கு முத்திரை எல்லாருக்கும் கிடைக்கும். கடல் கடந்து வருபவை அல்லவா கிடைக்காது! என் ஆல்பத்தில் மலாய் நாட்டுப் பக்கம் ஒன்று வைத்திருந்தேன். அதில் அங்குள்ள கெடா என்ற சமஸ்தானத்துக்கு உரிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. கெடாவின் தபால்தலையில் ஒரு நெற்கதிர்க் கட்டு அச்சிட்டிருக்கும். பட்டியல் புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். அறுவடை நாளில் நம் வயல் வரப்பில் கிடத்திய கட்டுப் போலவே இருக்கும். எங்கோ கடலுக்கு அப்பால் நம் நெல்! அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல மனம் அங்கேயே போய் நிற்கும்.

கடையில் ஒரு விதி இருந்தது. மேசைக்கு வரும் தபால்தலை எதுவானாலும் கடைக்கு உரியது. விற்பனைக்கு நிற்பவன் தனக்கென்று எடுக்கக் கூடாது. எனக்கு முன் நின்றவன் ஒன்றை எடுத்ததற்காக அன்றே போகச் சொல்லப்பட்டான். பள்ளிக்கூட வேலைக்கு முதலாளியின் நற்சான்றுக் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது. இதையும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இல்லை... காரணம்தான் சொல்கிறேன்.

புரட்டாசியில், ஒரு கோட்டாறு சந்தை நாளில், அவள் வந்தாள். தலையில் புளி நிறைந்த ஓலைக்கூடை, புளிக்கடவம். இராஜாக்கமங்கலம், பெயர் செல்லம்மை என்றாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மடியிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கை ஈரம் படாமல் வைத்தாள்.

அவள் கணவன் மலாய்க்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவன். முதல் தோட்டத்தை விட்டுவிட்டான். அந்த விலாசத்துக்கு இவள் எழுதிப் போட்ட கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. இப்போது யாரையோ கொண்டு புதிதாகக் கடிதம் எழுதியிருக்கிறான். கார்த்திகை வரை இங்கேதான் இருப்பேன், அதற்குள் பதில் வராவிட்டால் உனக்கு நான் வேண்டாம் என்று வைத்துக்கொள்வேன், வேறு எங்காவது போய்விடுவேன் என்று எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவன் விலாசம் போட மறந்துவிட்டான். உறைமேல் குத்திய முத்திரையில் ஊர் இருக்கும், பூதக்கண்ணாடி உள்ள இடத்தில் காட்டு என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"எந்த ஊருன்னு பாத்துச் சொல்லணும் பிள்ளே. அவியளுக்கு எழுதிப் போடணும்" என்றாள்.

கண்ணாடியை எடுத்துக் குனிந்தேன். நெற்கட்டு!

சாணிப்பச்சை நிறத்தில், விளிம்பில் ஒரு பல்கூட ஒடியாமல், என் காலிக் கட்டம் என் கண்முன் இருந்தது. வட்ட முத்திரையின் மேல் பாதி தபால்தலைமேலும், கீழ்ப்பாதி உறைமேலும் விழுந்திருந்தன. மேல் பாதியில் ஊரின் பெயர். 'கூலிம்'. தெளிவாக இருந்தது. ஒரு நொடியில் வாசித்துவிட்டேன்.

"சரியாத் தெரியல. வச்சிட்டுப் போங்க. அடுத்த சந்தைக்கு வரும்பம் சொல்லுதேன்" என்றேன்.

அந்த ஒரு நொடியில் என் வாயில் பேசியது யார்? பல இரவுகள் கேட்டிருக்கிறேன். நான்தான்.

கெடுதல் செய்ய நினைக்கவில்லை. தபால்தலையை எடுத்துக்கொண்டு, ஊரின் பெயரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். அவளுக்கு வேண்டியது பெயர், எனக்கு வேண்டியது படம். யாருக்கு நஷ்டம்? வெதுவெதுப்பான நீரில் உறையின் மூலையை மிதக்கவிட்டேன். கால் மணி நேரத்தில் தபால்தலை தானாக வழுக்கி வந்தது. மை ஒற்றும் தாளில் உலர்த்தி, அன்றே ஆல்பத்தில் ஒட்டினேன். உறையின் மூலையில் சதுரமாக ஒரு வெளுப்பு மட்டும் மிச்சமிருந்தது.

அடுத்த சந்தை நாளில் அவள் வந்தபோது முதலாளி மேசையருகில் இருந்தார். என் சட்டைப்பையில் 'கூலிம்' என்று எழுதிய காகிதம் இருந்தது. ஆனால் உறையை என் கையிலிருந்து அவர் வாங்கிக்கொண்டார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தபால்தலை எங்கே என்று கேட்டார். அவளிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"கொண்டு வரும்பமே இப்பிடித்தான் இருந்துது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என் மேல்சட்டையைப் பார்த்தாள், மேசைக்குள் இருந்த உலகம் முழுவதையும் பார்த்தாள். எழுத்துத் தெரியாத தன் கண்ணை நம்புவதா, எழுத்துத் தெரிந்த என் வாயை நம்புவதா என்று தடுமாறினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அப்பிடித்தான் இருந்துதோ என்னமோ..."

முதலாளி வருத்தப்பட்டார். "கீழ்ப்பாதியில தேதி மட்டும்தாம் இருக்கு. ஊரு பேரு தலையோட போச்சு தாயீ" என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். இப்போது பெயரைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். சட்டைப்பைக்குள் காகிதம் என் விரலில் ஈரமாகிக் கசங்கியது.

அவள் வெறும் உறையோடு இறங்கிப் போனாள்.

இராஜாக்கமங்கலம் எத்தனை தூரம்? ஆறேழு மைல்! ஒரு மாலை நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். கார்த்திகை வர இன்னும் நாளிருந்தது. ஒருநாள் பாதி வழிவரை போனேன். மழை பிடித்துக்கொண்டது. திரும்பிவிட்டேன். மழைதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினேன். கார்த்திகை போயிற்று. தை மாதம் நற்சான்றுக் கடிதம் கிடைத்தது, நான் வாத்தியாரானேன். பிறகு திருமணம், பிள்ளைகள். தானியேல் முதலாளி இறந்து, கடையும் கைமாறியது. அந்த இடத்தில் இப்போது சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். அந்த வழியே போகும்போது கோந்து வாசனை வருவதுபோலத் தோன்றும்... ஆசையாக மூச்சை இழுப்பேன். உடனே வெளுத்த சதுரம் நினைவுக்கு வரும். என் இளமையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தை நானே கெடுத்துக்கொண்டேன்.

போன மாதம் என் மூத்த மகன் ஆல்பத்தைக் கண்டெடுத்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது. கண்ணாடியை வைத்து எழுத்துக் கூட்டினான்.

"கூலிம்னு இருக்குப்பா. அங்க நமக்கு ஆளு இருக்கா?"

இல்லை என்றேன். படிப்பு முடிந்ததும் மலாய்க்குப் போய்க் கணக்கு வேலை பார்க்கப் போவதாகச் சொன்னான். வகுப்புத் தோழனின் அண்ணன் அங்கேதான் இருக்கிறானாம். இவன் எழுதும் கடிதம் எவன் கைக்குப் போய்ச் சேரும்? ஆல்பத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அவன் மிரண்டு போனான்.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன். தபால்தலையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். செல்லம்மை வீடு எது என்று கேட்டதும் காட்டினார்கள். முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. கழுத்தில் தாலி அப்படியே இருந்தது.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் என்று மட்டும் சொல்ல முடிந்தது. வாத்தியார் என்றதும் அவள் எழுந்து உள்ளே போனாள். அந்த உறையோடு வந்தாள்.

"சாறே, படிச்சவிய யாரு வந்தாலும் காட்டுவேன். இதுல ஊரு பேரு இருக்கான்னு பாருங்க. அவிய இருக்காவளா இல்லியான்னு தெரியாம, நான் இந்தத் தாலியக் கெட்டியிருக்கவும் முடியாது கழத்தவும் முடியாது."

வாங்கிக்கொண்டேன். குனிந்து பார்த்தேன். பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? அவளே பேசினாள்:

"இந்த மூலையில ஒரு நெல்லுக்கட்டுப் படம் இருந்துது சாறே. நான் கண்டேன். கடையில ஒரு பிள்ள இல்லேன்னு சொல்லிச்சு. படிச்ச பிள்ள... எதுத்துச் சொல்ல எனக்குத் தெரியல."

அவளுக்குத் தெரிந்திருந்தது! பதினாறு ஆண்டுகளும் தெரிந்திருந்தது. என் நெஞ்சுக்கும் அந்தப் படத்துக்கும் நடுவே ஒரு சட்டைத் துணிதான் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும்.

"இங்க வெளிச்சம் பத்தல. கொண்டு போயிப் பாக்குதேன். அடுத்த சந்தைக்கு வாங்க, மணிமேடைகிட்ட நிப்பேன்" என்றேன்.

அவள் சரி என்றாள். இந்த முறையும் சரி என்றாள்.

வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, வெளுத்த சதுரத்தின்மேல் தபால்தலையை வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. வட்டம் முழுதாயிற்று, ஊரும் தேதியும் ஒன்றாகச் சேர்ந்தன. கார்த்திகைக்கு ஏழு வாரம் முந்திய தேதி அது.

உறையும் படமும் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. அவளிடம் ஒன்றும் இல்லை.

அதன்பிறகு மூன்று சந்தை நாள் போய்விட்டது. மூன்று நாளும் அவள் புளிக்கடவத்தை இறக்கி வைத்துவிட்டு மணிமேடையடியில் நின்றாள். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன்.